சதாமின் கால்விரல்களும் சமநிலை வாரியமும்

நெய்வேலியில் கடல் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுரங்கம் இருக்கிறது, அனல்மின் நிலையம் இருக்கிறது, வட்டத்துக்கு வட்டம் எண் போட்ட குடியிருப்புகளும் அவற்றுக்குள் எண் போட்ட வீடுகளும் இருக்கின்றன. கடல் வேண்டுமென்றால் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்கு பஸ் பிடிக்க வேண்டும். இருந்தும், உள்நாட்டு அலைச்சறுக்கு மேம்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் நெய்வேலி நகரியத்தில்தான் திறக்கப்பட்டது. கடலூரில் கடல் இருந்தது, காலிக் கட்டடம் இல்லை. நெய்வேலியில் காலிக் கட்டடம் இருந்தது. இரண்டில் எது முக்கியம் என்று ஆறு மாதம் கூடிப் பேசினார்கள். கட்டடம் ஓரிடத்தில் நிற்கும், கடல் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும், அதை நம்பி ஃபைல் வைக்க முடியாது என்று முடிவாயிற்று.

அந்த வாரியம் ஒரு விளம்பரம் கொடுத்தது. ‘அலைச்சறுக்கு வீரர் (நீளப் பலகை). ஒரு பணியிடம். நிரந்தரம்.’ மெயின் பஜார் டீக்கடையில் அதைப் படித்த அன்று சதாமுக்கு வயது இருபத்தொன்பது முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. உச்சவயது முப்பது என்று போட்டிருந்தார்கள். டீயைக் குடிக்காமலேயே எழுந்துவிட்டான்.

ஊர் தெரியாதவர்களுக்கு இந்த அவசரம் புரியாது. நகரியத்தில் ஒருவனுடைய பெயரை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்பது. பெண் பார்க்கப் போன இடத்தில் அதுதான் கேள்வி, ஆஸ்பத்திரி வரிசையிலும் அதுதான் கேள்வி. சதாமின் அத்தா அப்துல் கபார் முப்பத்தோரு வருடம் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டின் மேலேயே போடுவது அவர் வேலை. பதினொரு கான்ட்ராக்டர்கள் மாறினார்கள், கரி மாறவில்லை, அவரும் மாறவில்லை. கடைசி நாளன்று கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டு, “சரி பாய், கெளம்புங்க” என்றார்கள். மாலை இல்லை, குரூப் போட்டோ இல்லை. இப்போது மந்தாரக்குப்பத்து வீட்டில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதே பெல்ட்டின் அடியில் அதே மண்வெட்டியோடு சதாம் நிற்கிறான்.

“எனக்குதான் கெடைக்கல. ஒனக்காவது பர்மனென்ட்டுன்னு ஒரு பேப்பர் வந்துட்டா, நான் நிம்மதியா மூச்சு வுடுவேன்டா” என்று அவர் சொல்லாத வாரம் இல்லை. அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவனுக்கு அந்த ஆசை வெறும் ஆசையாகப் படவில்லை.

கரி அள்ளுகிறவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை கிடைக்காத நாலு வருடம், புதுச்சேரிக்கு வடக்கே ஓர் அலைச்சறுக்குப் பள்ளியில் பலகை கழுவப் போனான். கழுவிய பலகையில் ஒருநாள் ஏறிப் பார்த்தான். அப்புறம் இறங்கவே மனமில்லை. பள்ளியை நடத்தியவர் தன் ஊருக்குத் திரும்பியபோது பழைய ஒன்பதடிப் பலகை ஒன்றை அவனிடமே விட்டுப்போனார். அதைத் தேவனாம்பட்டினத்தில் வளவன் என்கிற மீன்காரரின் வலைக் கொட்டகையில் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய், மதியம் வரை அலையில் கிடந்துவிட்டு வருவான். வாரம் முழுக்கக் கரி தின்ற நெஞ்சு அன்றைக்கு மட்டும் கழுவி விட்டதுபோல் இருக்கும்.

நீளப் பலகையில் இரண்டு பாணி உண்டு. கனமான பலகையில் அவசரமில்லாமல் காலுக்கு மேல் கால் மாற்றி நடந்து முன்நுனி வரைக்கும் போய், பத்து கால்விரல்களும் பலகைக்கு வெளியே தொங்க நிற்பது பாரம்பரிய பாணி. இலேசான பலகையின் பின்பக்கத்தை மிதித்து, அலையின் சுவரில் மேலும் கீழும் வெட்டித் திருப்புவது உயர்திறன் பாணி. உலகம் முழுக்க இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று யோசிக்கிறார்கள். வாரியமும் யோசித்தது. யோசித்து, விதி எண் ஏழில் எழுதியும் வைத்துவிட்டது: ‘பாரம்பரியம் ஐம்பது விழுக்காடு, உயர்திறன் ஐம்பது விழுக்காடு. இரண்டும் துல்லியமாகச் சமமாக இல்லாத விண்ணப்பதாரர் சமநிலை தவறியவராகக் கருதப்படுவார்.’

சதாம் விண்ணப்பத்தோடு போனபோது வாரியக் கட்டடத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. கோட்டுக்கு இடப்பக்கம் பாரம்பரியப் பிரிவு, வலப்பக்கம் உயர்திறன் பிரிவு. இரண்டிலும் ஆறு மேஜை, ஆறு நாற்காலி, ஆறு மின்விசிறி. வலப்பக்கத்தில் ஒரு மின்விசிறி ஓடவில்லை என்பதால் இடப்பக்கத்திலும் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். கோட்டின் மேலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால் வைத்து உட்கார்ந்திருந்தார் கிளார்க் கொளஞ்சியப்பன். முத்தாண்டிக்குப்பத்துக்காரர்.

“பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா?” என்றார்.

“கான்ட்ராக்ட் சார். பேரு சதாம்.”

“ஒக்காரு தம்பி. இதுவரைக்கும் நூத்திப் பதினாலு பேரு வந்தாங்க. அத்தினி பேரும் ஒரு பக்கமா சாஞ்சவங்க.”

முதல் வேலை பலகைச் சோதனை. பாரம்பரியப் பிரிவின் அதிகாரி மாடசாமி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சதாம் தேவனாம்பட்டினத்திலிருந்து எடுத்து வந்திருந்த பலகையைத் தூக்கிப் பார்த்தார். பாரம்பரியப் பலகை ஒன்பது கிலோவுக்குக் குறையக் கூடாது, அடியில் ஒரே ஒரு ஃபின் இருக்க வேண்டும் என்றார். ஃபின் என்பது பலகைக்கு அடியில் மீனுக்கு இருப்பதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு. உயர்திறன் பிரிவின் அதிகாரி புவனா, கோயம்புத்தூர்க்காரர், ஆறு கிலோவுக்கு மேல் போகக் கூடாதுங்க, ஃபின் மூன்று இருக்கோணுங்க என்றார். இரண்டு பேரும் ஒரே விதிப்புத்தகத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் திறந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துக் குழு கூடிச் சராசரி எடுத்தது. எடை ஏழரை கிலோ, ஃபின் இரண்டு. சதாமின் பலகையில் நடுவில் ஒரு பெரிய ஃபின்னும் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன ஃபின்களும் இருந்தன. வலப்பக்கத்துச் சின்னதைக் கழற்றிவிட்டார்கள்.

“சார், இப்படிப் போனா பலகை ஒரே பக்கமா இழுக்கும் சார்” என்றான் சதாம்.

“இழுக்கட்டும் டே. எந்தப் பக்கம் இழுக்குன்னு எழுதிக் குடுத்துடு. ஃபைல்ல இருந்தாப் போதும்” என்றார் மாடசாமி. கோபமாகச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அடுத்தது நேர்முகம். வாரியத் தலைவர் சிங்காரவேல் நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பதவிக்கு வருமுன் இருபத்தாறு வருடம் பல அலுவலகங்களில் இருந்தவர். கடலைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவர் சதாமிடம் கேட்டார்:

“தம்பி, அலை வருது. நீங்க பாரம்பரியமா உயர்திறனான்னு எப்போ முடிவு பண்ணுவீங்க?”

சதாமுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எடை, ஃபின் கேள்வியெல்லாம் முடிந்து இப்போதுதான் தனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்கிறார்கள் என்று நினைத்தான். “அலையைப் பாத்துதான் சார் முடிவு பண்ணுவேன். நீட்டா, மெதுவா வர்ற அலைன்னா முன்னாடி நடந்து போய் நின்னுடலாம். செங்குத்தா எழும்பி மூடிக்கப் பாக்குதுன்னா பின்னாடி வந்து திருப்பணும். சில அலையில ரெண்டும் கேக்கும். அது என்னா கேக்குதோ அதைக் குடுக்கணும் சார், அவ்ளோதான்.”

மாடசாமி புவனாவைப் பார்த்தார், புவனா மாடசாமியைப் பார்த்தார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்துக்கு அதிர்ந்தது அதுதான் முதல்முறை.

“முடிவெடுக்குற அதிகாரத்தை அலைக்கு யாருங்க குடுத்தது?” என்றார் புவனா.

சிங்காரவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பாருங்க தம்பி, இந்த வாரியத்துல யார் யார் எதுவரைக்கும் முடிவெடுக்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. தலைவர் இருக்காரு, குழு இருக்கு, உபகுழு இருக்கு. அலை அதுல இல்ல. நாளைக்கு ஒரு ஆடிட் வந்து, யாரைக் கேட்டுத் திரும்புனீங்கன்னு கேட்டா, அலையைக் கேட்டேன்னு சொல்வீங்களா? அலை கையெழுத்துப் போட வருமா?”

சதாம் எழுந்துகொண்டான். கடலைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்த்தாயிற்று, அது தப்பான விடை என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு அவமானமாக இருந்தது. ஏன் அவமானம் என்று வெளியே வந்து சைக்கிளை எடுத்தபிறகும் புரியவில்லை.

செய்முறைத் தேர்வைக் கடலில் வைக்க முடியாது என்பது முன்பே தெளிவாகியிருந்தது. கடலில் தடுப்புக் கம்பி இல்லை, அவசர வழி இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. எனவே பயிற்சி யார்டில் கிடந்த பழைய கன்வேயர் பெல்ட்டைத் துடைத்து, பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரியை நிறுத்தினார்கள். பலகையின் முன்நுனியைக் கயிற்றால் கம்பத்தில் கட்டி பெல்ட்டின் மேல் வைத்தார்கள். பெல்ட் ஓடும், லாரிக்காரர் பைப்பில் தண்ணீர் அடிப்பார், பலகை நின்ற இடத்தில் நிற்கும். கடலில் தண்ணீர் இருக்க பலகை ஓடுகிறது, இங்கே பலகை இருக்க பெல்ட் ஓடுகிறது, கணக்குப்படி இரண்டும் ஒன்றுதானுங்க என்று புவனா விளக்கினார். பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

சதாம் பெல்ட்டைப் பார்த்தான். வாழ்நாளில் முதல்முறையாகக் கன்வேயர் பெல்ட்டின் மேலே ஏறப்போகிறான். அத்தாவும் இவனும் சேர்ந்து முப்பத்தேழு வருடமாக அதன் அடியில்தான் இருந்தார்கள்.

ஏறக் கால் வைத்தபோது பாதுகாப்பு அதிகாரி விசில் ஊதினார். பெல்ட் ஓடும் இடத்தில் ஹெல்மெட்டும் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவும் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. சதாம் மாட்டிக்கொண்டான். இப்போது மாடசாமி கையைத் தூக்கினார்.

“ஷூ போட்டா வெரலு எப்படித் தெரியும்? பத்து வெரலும் பலகைக்கு வெளிய தொங்குச்சான்னு நான் எதைப் பாத்து மார்க் போட?”

இந்த விதி பெரியதா அந்த விதி பெரியதா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஷூவின் நுனியை வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், அது அரசுச் சொத்தைச் சேதப்படுத்துவது என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில், ஷூவுக்குள் பத்து விரல்கள் இருப்பதற்கு மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால், ஷூ வெளியே நீட்டினாலே விரல் நீட்டியதாகக் கொள்ளலாம் என்று தீர்மானம் ஆனது.

வாரியத்தின் மருத்துவ அறையில் சதாம் வரிசையில் நின்றான். டாக்டர் அவனுடைய கால்களை நீட்டச் சொல்லி, ஒருமுறை இடமிருந்து வலமாகவும் ஒருமுறை வலமிருந்து இடமாகவும் எண்ணினார். இரண்டு முறையும் பத்து வந்தது. ‘கால்விரல் எண்ணிக்கை: பத்து. செல்லுபடியாகும் காலம்: மூன்று மாதம்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

“மூணு மாசத்துக்கு அப்புறம் சார்?”

“மறுபடி எண்ணணும். நீங்க மைன்ஸ்ல வேலை பாக்குறவரு, உறுதியாச் சொல்ல முடியாதில்ல” என்றார் டாக்டர். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

இதெல்லாம் முடிய மூன்றரை மாதம் ஓடிவிட்டது. முதல் தேர்வு நாளன்று சதாம் நன்றாகவே செய்தான். இரும்பு ஷூவோடு காலுக்கு மேல் கால் மாற்றி நடந்து முன்நுனிக்குப் போனான். பின்னால் வந்து, கயிறு அனுமதித்த அளவுக்குப் பலகையை வெட்டித் திருப்பினான். இரண்டு முறை பெல்ட்டில் விழுந்து முழங்கை தோல் உரிந்தது. மாடசாமி எட்டு மார்க் போட்டார், புவனா ஏழு மார்க் போட்டார். சதாம் சந்தோஷமாக நின்றான்.

“ஒரு மார்க் வித்தியாசம். சமநிலை தவறியவர்” என்று படித்தார் கொளஞ்சியப்பன்.

மறுதேர்வுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் புவனாவுக்கு மனசு ஆறவில்லை. தன் பிரிவில் ஏழு என்றால் தன் பிரிவு ஒரு மார்க் மட்டம் என்று அர்த்தமாகிவிடாதா? இரண்டாவது தேர்வில் ஒன்பது போட்டார். மாடசாமி எட்டிலேயே நின்றார். இப்போது வித்தியாசம் அந்தப் பக்கம். மூன்றாவது தேர்வில் இருவரும் உஷாராகிவிட்டார்கள். அவர் போடட்டும் என்று இவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், இவர் போடட்டும் என்று அவர் காத்திருந்தார். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. லாரியில் தண்ணீர் தீர்ந்துபோய் இன்னொரு லாரி வந்தது. சதாம் நடந்தான், திருப்பினான், நடந்தான், திருப்பினான். ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் இருவரும் பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த நாளுக்கான பதிவேட்டில், ‘தேர்வு நடைபெற்றது’ என்று மட்டும் இருக்கிறது.

முப்பது வயதுக்குப் பதினெட்டு நாள் பாக்கி இருந்தது. சதாம் நேராகத் தலைவர் அறைக்குப் போனான். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, “சார், நான் என்னா பண்ணணும்னு மட்டும் சொல்லிடுங்க சார்” என்றான்.

சிங்காரவேல் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். ஒரு கையை வைத்தவர், யோசித்து, இன்னொரு தோளிலும் இன்னொரு கையை வைத்தார்.

“தம்பி, என்னைப் பாருங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு பக்கம் சாஞ்சேன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம். ஒரு ஊர்ல பாலம் வேணும்னு பாதிப் பேரு, வேணாம்னு பாதிப் பேரு. நான் என்ன பண்ணேன்? பாதிப் பாலம் கட்டினேன். இன்னைக்கும் அது அங்கதான் இருக்கு, யாரும் குறை சொன்னதில்ல. ஏன்னா, யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. ஊழல்னு ஒரு புகார் வந்தது. புகார் குடுத்தவருக்கும் மெமோ குடுத்தேன், புகாருக்கு ஆளானவருக்கும் மெமோ குடுத்தேன், அப்புறம் ரெண்டு பேருக்கும் ப்ரமோஷன் குடுத்தேன். சமநிலைன்னா திறமை இல்ல தம்பி. திறமை இருக்குறவன் ஏதாவது செய்வான். செஞ்சா ஒரு பக்கம் சாயும். புரியுதா?”

“புரியல சார்” என்றான் சதாம். உண்மையிலேயே புரியவில்லை.

கொளஞ்சியப்பனுக்குப் புரிந்திருந்தது. வெளியே மரத்தடியில் சதாமுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். “தம்பி, நான் பதினாறு வருசம் கான்ட்ராக்ட்ல இருந்து பர்மனென்ட் ஆனவன். எப்படி ஆனேன்னு நெனைக்கிற? ஒண்ணும் செய்யல. கோட்டு மேல ஒக்காந்துகினு இருந்தேன், அவ்ளோதான். நீயும் நாளைக்கு ஏறி, பலகைக்கு நட்ட நடுவுல நில்லு. முன்னாடி நடக்காத, பின்னாடியும் வராத. ரெண்டு பேரும் சைபர்தான் போட்டாவணும். சைபரும் சைபரும் சமம்.”

“நின்னுகினே இருந்தா அது சர்ஃபிங்கே இல்லீங்களே.”

“அதெல்லாம் ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம். வூட்ல ஒங்க அத்தா இருமிக்கினு இருக்காரு இல்ல?”

நான்காவது தேர்வில் சதாம் பலகையின் நடுவில் போய் நின்றான். பெல்ட் ஓடியது. தண்ணீர் முகத்தில் அடித்தது. அவன் கால்கள் தாமாகவே முன்னால் போகப் பார்த்தன, அவன் அவற்றை நிறுத்தினான். உடம்பு பின்பக்கம் சாய்ந்து திரும்பப் பார்த்தது, அதையும் நிறுத்தினான். கரி அள்ளுவதில்கூட இவ்வளவு வலி இருந்ததில்லை. கடலில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறான், பல் உடைந்திருக்கிறது, ஒருமுறைகூட அவன் தன் கால்களைப் பார்த்து வெட்கப்பட்டதில்லை. இன்றைக்குப் பட்டான். இரும்பு ஷூவுக்குள் சான்றிதழ் பெற்ற பத்து விரல்களும் மடங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

மாடசாமி சைபர் போட்டார். புவனா சைபர் போட்டார். கொளஞ்சியப்பன் இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். சிங்காரவேல் ஓடி வந்தார். வாரிய வரலாற்றில் முழுச் சமநிலை பெற்ற முதல் வீரர் என்று அங்கேயே அறிவித்தார். மாடசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த மாதிரி ஒரு நிதானத்தை நான் பாத்ததே இல்ல” என்றார். புவனா, “எங்க பிரிவோட உழைப்பும் இதுல பாதி இருக்குங்க” என்றார். போட்டோ எடுத்தார்கள்.

பணி ஆணை முப்பது வயதுக்கு நான்கு நாள் முன்பு வந்தது. நிரந்தரம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, பணியாளர் கடலுக்குள் இறங்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் இறங்கக் கூடாது. கடலில் இறங்கினால் ஏதேனும் ஒரு பாணியின் பக்கம் சாய நேரிடும், அதனால் வாரியம் சான்றளித்த சமநிலை கெடும். இரண்டு, சமநிலை எட்டப்பட்ட பலகை என்பதால் அவனுடைய ஒன்பதடிப் பலகை வாரியத்தின் மாதிரிப் பலகையாக எடுத்துக்கொள்ளப்படும்.

சதாம் அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். மூன்றாவது நாள் அது ஞாயிறாக இருந்ததால் கடலூர் பஸ் ஏறினான். தேவனாம்பட்டினத்தில் அன்று நல்ல அலை. நீளமாக, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. வளவன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னா பாய், எடுத்துகினு போன பலவ எங்க?”

“ஆபீஸ்ல வச்சிருக்காங்கண்ணே. வேலை கெடச்சிருச்சு. பர்மனென்ட்.”

“அடி சக்க! அப்போ எறங்கி ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ. என் கட்டுமரப் பலவ ஒண்ணு கெடக்குது, எடுத்துக்க.”

“இல்லண்ணே. எறங்கக் கூடாது.”

“யாரு சொன்னா?”

சதாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மணலில் கொஞ்ச நேரம் நின்றான். ஒரு அலை வந்து, நடந்து போக வாகாகத் தோளை நீட்டிக் காட்டிவிட்டு, யாரும் ஏறாமலேயே கரையில் உடைந்தது. அவன் வாய்விட்டு அழுதான். வளவன் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். சாயங்கால பஸ்ஸில் சதாம் ஊருக்குத் திரும்பி, முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

வாரியத்தின் வரவேற்புக் கூடத்தில், மஞ்சள் கோடு தொடங்கும் இடத்தில், ஓர் இரும்புப் பீடம் செய்திருந்தார்கள். அவனுடைய பலகையில் நாலு துளை போட்டு அந்தப் பீடத்தில் போல்ட் வைத்து முடுக்கியிருந்தார்கள். ஜெனரல் ஷிப்ட், காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை. ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு பலகையின் நடுவில் நிற்க வேண்டும், சாப்பாட்டுக்கு அரை மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுவார்கள். வெளியூர் அதிகாரிகள் வந்தால் சிங்காரவேல் கூடவே வந்து, “இங்க ஒரு மில்லிமீட்டர் முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல” என்று அளந்து காட்டுவார். அளப்பதற்கு ஒரு டேப்பும் அதைப் பிடிக்க ஓர் உதவியாளரும் சாங்ஷன் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து விரல்களை எண்ணிவிட்டுப் போவார்.

மகன் வேலை பார்ப்பதை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அப்துல் கபார் பிடிவாதம் பிடித்தார். கொளஞ்சியப்பன்தான் விசிட்டர் பாஸ் எழுதிக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தொப்பி வைத்து, நடக்க நடக்க மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் நகரியத்துக்குள் ஓர் அலுவலகத்துக்கு முன்வாசல் வழியாக நுழைந்தது அதுதான் முதல்தடவை. கூடத்தில் மின்விசிறிகளைப் பார்த்தார், பளபளக்கும் தரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

சுற்றிச் சுற்றி வந்தார். பீடத்தைத் தொட்டுப் பார்த்தார். பலகையில் போட்டிருந்த போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்து, நல்லா முடுக்கியிருக்காங்க என்று தலையாட்டினார். சதாம் அசையவில்லை. அளவு டேப் வைத்திருந்த உதவியாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, நீ இதுல என்னா செய்யணும்?” என்று மெல்லக் கேட்டார்.

“நிக்கணும் அத்தா.”

“நின்னுகினு?”

“நின்னுகினு இருக்கணும்.”

“எம்மா நேரம்?”

“ரிட்டயர் ஆவுற வரைக்கும்.”

அப்துல் கபாரின் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் வந்தது. அப்புறம் கைக்குட்டையை எடுத்து, எட்டி, மகனுடைய ஷூவில் இருந்த தூசியைத் துடைத்தார். இடது ஷூவைத் துடைத்துவிட்டு நகரப் போனவரை உதவியாளர் தடுத்து, வலது ஷூவையும் துடைக்கச் சொன்னார். துடைத்தார்.

“போதும்டா எனக்கு. கடைசி நாளன்னிக்கு ஒனக்கு மாலை போடுவாங்க” என்றார்.

அந்த நாளுக்கு இன்னும் முப்பது வருடம் இருந்தது. சதாம் சரி என்று தலையாட்டப் போனான். தலையாட்டினால் சாயும் என்பது நினைவுக்கு வர, அப்படியே நின்றான்.